பழைய பெட்டிக்கு எந்த ஆம்ப்? பழனிமலைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொடைக்கானலிலும் பெருமாள்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை, மன்னவனூர் ஊர்களிலும் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளைக் காயலான் கடைக்குப் போட மனம் வராமல் வைத்திருக்கும் அன்பர்களுக்கு,



உங்களில் பலர் இந்தப் பெட்டிகளைத் தேடிப்போய் வாங்கியவர்கள் அல்ல. பங்களாவை வாங்கியபோது பரண்மேல் கிடந்திருக்கும். சிங்கப்பூருக்குக் குருவியாகப் போய்வந்த சொந்தக்காரர் எண்பதுகளில் மாமனாருக்குக் கொண்டுவந்து கொடுத்திருப்பார். மலையை விட்டுப்போன குடும்பம் ஒன்று 'இதை எங்கே தூக்கிக்கொண்டு போவது' என்று உங்கள் தலையில் கட்டியிருக்கும். 1991க்கு முன்பு வெளிநாட்டு ஆடியோ சாமான்களுக்கு இருந்த இறக்குமதி வரியை நினைத்தால், ஒரு வார்ஃப்டேலோ செலஸ்டியனோ ஏ.ஆரோ கொடைக்கானல் வரை ஏறி வந்ததே பெரிய காரியம். அந்த வசதி இல்லாதவர்கள் கல்கத்தாவில் 1970இல் தொடங்கிய சோனோடைனையோ, காஸ்மிக்கையோ, ஃபிலிப்ஸையோ வாங்கினார்கள். இன்னும் சிலர் ஸ்பீக்கரை மட்டும் ரிச்சி தெருவில் வாங்கி, உள்ளூர் ஆசாரியிடம் தேக்கில் பெட்டி அடித்துக்கொண்டார்கள்.

பெட்டி இருக்கிறது. கூட இருந்த ஆம்ப்ளிஃபயர் என்றைக்கோ புகைந்துபோய்விட்டது. கையில் பத்து, பதினைந்தாயிரம் ரூபாயோடு திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறங்குகிறீர்கள். கடையில் முதல் கேள்வி: "எத்தனை வாட்ஸ்ல பாக்குறீங்க சார்?" நீங்களும் ஓர் எண்ணைச் சொல்கிறீர்கள். பேச்சு அங்கேயே தடம் மாறிவிடுகிறது. ஆம்ப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியது வீட்டில் இருக்கும் பெட்டி. அதற்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் பாதிப் பணம் மிஞ்சும். மிஞ்சும் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் அந்த வாட்ஸ் பேயை ஓட்டிவிடுவோம். டேப் ரெக்கார்டர் காலத்தில், சுவர் பிளக்கிலிருந்து முப்பது வாட்ஸ்கூட இழுக்காத செட்டின் முகத்தில் ஆயிரம், இரண்டாயிரம் என்று 'பி.எம்.பி.ஓ.' எண்ணை அச்சடித்து விற்றார்கள். உள்ளே போகாத மின்சாரம் வெளியே எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. இன்று பெயர் மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை. சின்னச் சின்ன டிஜிட்டல் ஆம்ப்களின் அட்டைப்பெட்டியில் '300 வாட்ஸ்' என்று போட்டிருக்கும். கூட வரும் அடாப்டரில் 24 வோல்ட், 5 ஆம்பியர் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 120. இரண்டு சேனலுக்கும் சேர்த்தே தொடர்ந்து அதற்குமேல் தர வழியில்லை. அடாப்டரைப் புரட்டிப் பார்த்துப் பெருக்குங்கள். கடைக்காரரோடு வாதம் செய்யத் தேவையே இருக்காது.

சரி, உண்மையில் எவ்வளவு வேண்டும்? ஸ்பீக்கர் பெட்டிக்கு 'சென்சிட்டிவிட்டி' என்று ஓர் அளவு உண்டு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது அது. உங்கள் பெட்டி 88 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். எழுபது, எண்பதுகளின் வீட்டுப் பெட்டிகளில் பல இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சாதாரண அறையில் ஆறேழு டெசிபல் குறையும். இரண்டு பெட்டிகள் சேர்ந்து பாடுவதால் மூன்று கூடும். ஆக, ஆளுக்கு ஒரு வாட் கொடுத்தாலே உங்கள் காதில் ஏறக்குறைய 84 டெசிபல். வீட்டில் பேச்சுக்குக் கொஞ்சம் மேலே பாட்டு கேட்க 75 போதும். அதற்கு வேண்டியது ஒரு வாட்டில் எட்டில் ஒரு பங்கு!

ஆனால் பாட்டு ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. மிருதங்கத்தில் ஓர் அடி, தவிலில் ஒரு தட்டு, டிரம்ஸில் ஒரு வெடிப்பு, இவை சராசரிக்கு மேல் இருபது டெசிபல் வரை எகிறும். பத்து டெசிபல் கூட்டப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படை வாய்ப்பாடு. கணக்குப் போட்டால் அந்த ஒரு கண அடிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வாட்ஸ் வருகிறது. எனவே 88 டெசிபல் பெட்டிக்கு நேர்மையான இருபது, முப்பது வாட்ஸ் தாராளம். அதுவே 95 டெசிபல் பெட்டியானால் மூன்று வாட்ஸில் வேலை முடிந்துவிடும். 83 என்றால் நாற்பது வேண்டும்.

பழைய பெட்டிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பதற்கு உலகப் புகழ்பெற்ற சிலவற்றைப் பாருங்கள். 1946இல் வந்த கிளிப்ஷ்ஹார்ன் அறை மூலையில் வைக்கும் பெரிய கூம்புப் பெட்டி. ஒரு வாட்டுக்கு நூறு டெசிபலைத் தாண்டும், சின்ன வால்வு ஆம்ப்பே அதற்கு அதிகம். எட்கர் வில்ச்சர் காற்றுப் புகாத மூடிய பெட்டிக்குப் புதிய பயன் கண்டு 1954இல் ஏ.ஆர். நிறுவனத்தைத் தொடங்கினார். பெட்டிக்குள் அடைபட்ட காற்றே கோனைத் தாங்கும் ஸ்பிரிங் ஆகிவிடும். சிறிய பெட்டியில் ஆழமான பேஸ் கிடைத்தது. விலையாக வாட்ஸ் தாகம் வந்தது. அவர்களுடைய ஏ.ஆர்.3ஏ 4 ஓம் வேறு. பி.பி.சி. தன் ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ கையடக்கப் பெட்டி. 83 டெசிபல்கூடத் தேறாது, ஆனால் தொடக்ககாலப் பெட்டிகள் 15 ஓம், எனவே கரண்ட் அதிகம் இழுக்காது. மூன்றுக்கும் ஒரே ஆம்ப் பொருந்துமா? ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் முடிக்கிற கதைதான்.

இங்கே ஓம் கணக்கு வந்துவிட்டது. பெட்டியின் முதுகில் இருந்த ஸ்டிக்கர் உங்கள் ஊர் ஈரத்தில் உரிந்து போயிருக்கும். கவலை வேண்டாம். சாதாரண மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஆம்ப் இணைக்காத நிலையில் பெட்டியின் இரண்டு டெர்மினல்களிலும் பிடியுங்கள். ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையே காட்டினால் அது 8 ஓம் பெட்டி. மூன்று, மூன்றரை என்றால் 4 ஓம். பத்துக்கு மேல் பதின்மூன்று வரை என்றால் 15 அல்லது 16 ஓம், வால்வு ஆம்ப் காலத்துப் பிரிட்டிஷ் பெட்டியாக இருக்கலாம். மீட்டர் எண்ணே காட்டவில்லை என்றால் உள்ளே காயில் அறுந்திருக்கிறது அல்லது ஒயர் விட்டிருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

16 ஓம் பெட்டிக்கு எந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்பும் ஆபத்தில்லாதது. 8 ஓமில் ஐம்பது வாட்ஸ் தருவது 16இல் ஏறக்குறைய பாதி தரும், அவ்வளவுதான். 4 ஓம்தான் கவனிக்க வேண்டியது. ஆம்ப்பின் பின்பக்கத்தில் '4 ஓம்' என்று அச்சில் இருந்தால் மட்டுமே வாங்குங்கள். '8 முதல் 16' என்று போட்ட செட்டில் 4 ஓம் பெட்டியை மாட்டி, விருந்தாளிகள் வந்த அன்று சத்தத்தைக் கூட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகும். ஷார்ட் ஆனால் அது தனியாகப் போகாது. பவர் சப்ளையின் டி.சி. வோல்டேஜ் நேரே வூஃபர் காயிலில் பாய்ந்து அதையும் கருக்கிவிடும். நாற்பது வருடப் பெட்டி நாலு நொடியில் போய்விடும்.

ஓம் தெரிந்தபின் பெட்டியின் உடம்பைப் பாருங்கள். முன்பக்கத் துணியைக் கழற்றி, கோனைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரல் நுனியால் தொடுங்கள். ரப்பரோ துணியோ என்றால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். ஃபோம் என்றால் பிசுபிசுத்து, பொடிந்து கையோடு வரும். எழுபதுகளில் பரவிய அந்த பாலியூரிதேன் ஃபோமுக்குக் காற்றின் ஈரம்தான் எமன். பதினைந்து, இருபத்தைந்து வருடங்களில் தானே உதிரும். வருடத்தில் பாதி நாள் மேகம் ஜன்னல் வழியாக வந்துபோகும் வீட்டில் சொல்லவே வேண்டாம். பிறகு இரண்டு கை விரல்களையும் கோனின் மேல் சமமாகப் பரப்பி மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமின்றிப் போய்வர வேண்டும். 'சர்க் சர்க்' என்று உரசினால் காயில் கோணியிருக்கிறது.

ஃபோம் வளையம் போனது பெரிய நோய் அல்ல. அளவுக்கேற்ற வளையம் வாங்கி ஒட்டினால் தீர்ந்தது. ஸ்பீக்கர் கோன் கட்டுகிறவர்கள் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் இருக்கிறார்கள். ஸ்பீக்கரையே எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போடச் சொல்லும் மெக்கானிக்கிடம் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். பெட்டியின் கொள்ளளவும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று கணக்கிட்டுச் செய்தவை; ஒன்றை மாற்றினால் மற்றது வீண். உள்ளே திணித்திருக்கும் பஞ்சையோ கம்பளி ரோமத்தையோ 'குப்பை' என்று பிடுங்கி எறியவும் விடாதீர்கள். எலி கடித்துத் தின்றிருந்தால் மன்னவனூர் ஆட்டு ரோமத்தைக் கழுவி, காயவைத்து, கோதி அதே அளவு அடைக்கலாம். ஆட்டு ரோமம் ஸ்பீக்கர் பெட்டிக்குள் அறுபதுகளிலிருந்தே புழங்கும் சரக்குதான்.

இன்னொரு பொருள், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக்கொடுக்கும் கிராஸ்ஓவரில் உள்ள கண்டென்சர். பழைய நான்-போலார் கண்டென்சர்கள் காய்ந்து மதிப்பு மாறிப்போனால் ட்வீட்டர் மங்கும் அல்லது கத்தும். அதே மைக்ரோஃபாரட் அளவில் நான்-போலார் அல்லது ஃபிலிம் கண்டென்சர் போடச் சொல்லுங்கள். ரேடியோ பலகையில் போடும் சாதா எலக்ட்ரோலைட்டிக்கைப் போடுவது தப்பு. சில நூறு ரூபாய் வேலை இது. ஆனால் எந்த ஆம்ப்பை வாங்கினாலும் கிடைக்காத மாற்றத்தை இது தரும். பணத்தை எதில் முதலில் போட வேண்டும் என்றால் இதில்தான்.

இப்போது கடைக்குப் போவோம். பத்து, பதினைந்தாயிரத்துக்குள் உங்கள் முன் நான்கைந்து வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பழைய ஜப்பானிய ஸ்டீரியோ ஆம்ப். பயனியர், சான்சுயி, யமஹா, மராண்ட்ஸ் போன்றவை. முப்பது, நாற்பது வாட்ஸ் என்று போட்டிருந்தால் அது உண்மையான முப்பது, நாற்பது. அதற்கான டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும் உள்ளே இருக்கும். தூக்கிப் பார்த்தாலே தெரியும். எழுபதுகளின் இறுதியில் வந்த என்.ஏ.டி. 3020க்குக் கம்பெனி சொன்னது வெறும் இருபது வாட்ஸ். அது உலகம் முழுக்கப் பெட்டிகளைப் பாடவைத்தது. காரணம், கடினமான ஸ்பீக்கர் கரண்ட் கேட்டபோது ஒரு கணம் மூச்சுப்பிடித்துக் கொடுக்கும் சக்தி அதற்கு இருந்தது. சின்ன எண், பெரிய நெஞ்சு.

ஆனால் மலைக்கு வரும் பழைய செட்டில் மூன்று சோதனைகள் உண்டு. ஒன்று, வோல்டேஜ். ஜப்பானில் விற்றது 100 வோல்ட், அமெரிக்காவில் விற்றது 120 வோல்ட். ஏற்றுமதிக்குச் செய்த பல செட்களில் பின்பக்கம் வோல்டேஜ் திருகி இருக்கும். அதை 220 அல்லது 240இல் வைக்கலாம். இல்லாதவற்றை நம் 230இல் சொருகினால் அன்றே சமாதி. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். அதன் விலையைச் செட்டின் விலையோடு சேர்த்துக் கூட்டுங்கள். அமெரிக்க செட் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்ததாக இருந்தால் நம் 50 ஹெர்ட்ஸில் அதன் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும்.

இரண்டு, ரேடியோ. ரிசீவராக வாங்கினால் உங்கள் தலைக்கு மேலேயே ஒலிபரப்பாகும் கொடைக்கானல் பண்பலை 100.5ஐ அதில் கேட்க ஆசைப்படுவீர்கள். 10 கிலோவாட் ஒலிபரப்பி, மலை உச்சி, பக்கத்து வீடு: அதைவிடச் சுத்தமான எஃப்.எம். சிக்னல் தமிழ்நாட்டில் வேறு யாருக்குக் கிடைக்கும்? ஆனால் ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்த பழைய ரிசீவர்களின் எஃப்.எம். பட்டை 76இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸில் முடிந்துவிடும். 100.5 அதில் வரவே வராது. டயலைப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்க ரிசீவரில் வரும், ட்ரெபிள் மட்டும் கொஞ்சம் மங்கலாக வரும், ஏனென்றால் அங்கே எஃப்.எம்.முக்கு வைத்திருக்கும், ட்ரெபிளைத் தணிக்கும் டீ-எம்ஃபசிஸ் அளவு வேறு. ட்ரெபிள் குமிழை ஓர் இழை கூட்டினால் சரியாகிவிடும்.

மூன்று, முதன்முதல் கரண்ட் கொடுக்கும் விதம். வருடக்கணக்கில் கிடந்த செட்டை நேரே பிளக்கில் சொருகவே கூடாது. நல்ல மெக்கானிக் 'சீரிஸ் பல்ப்' போட்டுத்தான் பார்ப்பார்: நூறு வாட் குண்டு பல்பு ஒன்று, லைனில் தொடராக. ஸ்விட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து, கண்டென்சர் நிரம்ப நிரம்ப மெல்ல மங்கினால் செட் பிழைத்தது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பல்பு இல்லாதிருந்தால் அந்தக் கரண்ட் முழுவதும் செட்டுக்குள் போயிருக்கும். அடுத்து, ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் அவுட்புட் டெர்மினல்களில் மீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்துப் பார்ப்பார். ஐம்பதுக்குள் இருந்தால் தைரியமாக மாட்டலாம். வோல்ட் கணக்கில் காட்டினால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு எழுந்து வாருங்கள்.

இரண்டாவது வழி, முன்பு சொன்ன சின்ன டிஜிட்டல் ஆம்ப், அதாவது கிளாஸ்-டி. உள்ளங்கை அளவு பெட்டி; பெரும்பாலானவற்றில் டி.பி.ஏ.3116 போன்ற டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் இருக்கும். 24 வோல்ட் அடாப்டரோடு 8 ஓமில் சேனலுக்குச் சுத்தமாக இருபத்தைந்து, முப்பது வாட்ஸ் கிடைக்கும். நாம் மேலே போட்ட கணக்குக்கு இது போதும். சூடு கிடையாது, கரண்ட் செலவு கிடையாது, புளூடூத் உண்டு. பட்ஜெட் சிறியது, பெட்டி 87 டெசிபலுக்கு மேல் என்றால் இதைத் தயங்காமல் வாங்கலாம். ஒரே எச்சரிக்கை: இவற்றின் ஸ்பீக்கர் டெர்மினலில் கறுப்பு முனை 'எர்த்' அல்ல. இடது, வலது கறுப்பு ஒயர்களை ஒன்றாக முறுக்கி ஒரே ஒயராக இழுக்கும் பழைய பழக்கம் இங்கே செல்லாது. செய்தால் சிப் போகும். பழைய பங்களாக்களில் சுவருக்குள் மூன்று ஒயர் மட்டும் ஓடவிட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நம்மூர் அசெம்பிள் செட். 5200, 1943 ஜோடி டிரான்சிஸ்டர் போர்டு, நல்ல செம்பு டிரான்ஸ்ஃபார்மர், இரும்புக் கேபினெட். இதை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். மனசாட்சியுள்ள மெக்கானிக் கட்டிய அசெம்பிள் செட் பிராண்டு ஆம்ப்பைவிட நீண்ட நாள் உழைக்கும். பழுதானால் அவரே பார்ப்பார், வரைபடம் தேடி அலைய வேண்டாம். ஆனால் இரண்டு நிபந்தனை வையுங்கள். டிரான்சிஸ்டர் ஒரிஜினலாக இருக்க வேண்டும். போலி 5200 சந்தை முழுக்கக் கிடக்கிறது. ஸ்பீக்கர் புரொடெக்ஷன் போர்டு கட்டாயம் இருக்க வேண்டும். ஸ்விட்ச் போட்டு இரண்டு, மூன்று நொடி கழித்து 'டக்' என்று ரிலே விழும் சத்தம் கேட்டால் அது இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் காயிலைக் காப்பாற்றுவது அந்த டக்தான்.

நான்காவது, யாரும் சீந்தாத பழைய 5.1 ஏ.வி. ரிசீவர். புதிய டி.வி.யோடு ஒத்துப்போகவில்லை என்று நகரத்து வீடுகளில் மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். எச்.டி.எம்.ஐ. போனாலும் பின்னால் இருக்கும் ஆர்.சி.ஏ. இன்புட் வேலை செய்தால் போதும். ஸ்டீரியோவில் வைத்து இரண்டு சேனல் மட்டும் பயன்படுத்துங்கள். விலைக்கு மீறிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே இருக்கும்.

வால்வு ஆம்ப் ஆசை உங்களில் சிலருக்கு உண்டு என்று தெரியும். கணப்பு எரியும் அறையில் வால்வும் சிவந்து எரிந்தால் அழகுதான். ஆனால் இந்த பட்ஜெட்டில் நல்லது கிடைக்காது. ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்தால் மட்டும் சொல்கிறேன்: ஸ்பீக்கர் மாட்டாமல் அதை ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும், விவரம் தெரியாமல் கை வைக்காதீர்கள்.

மைக்செட்காரத் தம்பியிடம் இருக்கும் அகுஜாவை வீட்டுக்கு வாங்கலாமா என்றும் கேட்கிறீர்கள். 1940 முதல் இருக்கும் கம்பெனி, கல் மாதிரி செட், மறுப்பதற்கில்லை. ஆனால் அது திருவிழாப் பந்தலுக்கு ஒரே சேனலாகச் செய்தது. தவறிப்போய் உங்கள் பெட்டியை அதன் 100 வோல்ட் லைன் முனையில் மாட்டினால் கதை முடிந்தது. அது திருவிழாவிலேயே இருக்கட்டும்.

மலைக்கென்று இன்னும் சில சங்கதிகள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் சத்தம் ஒன்றிரண்டு டெசிபல் குறையும். காதுக்குப் பெரிதாகத் தெரியாது, இதற்காக வாட்ஸ் கூட்ட வேண்டாம். மெல்லிய காற்று ஹீட் சிங்க்கின் சூட்டைக் கொஞ்சம் மெதுவாகத்தான் எடுத்துப்போகும், ஆனால் உங்கள் ஊர்க் குளிர் அதை ஈடுகட்டிவிடும். செட்டின் மேல் எம்பிராய்டரி துணி போட்டு மூடாமலிருந்தால் சரி. மழை மூட்டத்தில் வத்தலகுண்டு சாலை ஏறி வந்த செட்டை அன்றிரவே ஓட்டாதீர்கள். பிரித்து வைத்து உலரவிடுங்கள். ஈரத்தில் வால்யூம் குமிழ் கரகரக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து முன்னும் பின்னும் இருபது முறை திருகினால் போய்விடும். அதற்காகச் செட்டையே மாற்றச் சொல்பவரை நம்பாதீர்கள்.

இடிக்கு மட்டும் எந்த சர்ஜ் புரொடெக்டரையும் முழுதாக நம்ப முடியாது. சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வானம் உறுமத் தொடங்கினால் பிளக்கைக் கையால் பிடுங்குங்கள். ஆன்டெனா ஒயரையும் சேர்த்து. 2018 நவம்பரில் கஜா புயல் மலையைப் புரட்டிப்போட்டபோது மின்சாரம் போய், பிறகு வந்த விதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் போய்விட்டுத் திரும்பும் நேரத்தில் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கட்டும்.

அறையும் பாதி ஆம்ப்தான். கருங்கல் சுவரும் பெரிய கண்ணாடி ஜன்னலும் உள்ள அறையில் ட்ரெபிள் பட்டுத் தெறிக்கும். கனமான திரையும் தரையில் ஒரு ஜமுக்காளமும் போட்டால் 'ஆம்ப் கத்துகிறது' என்ற புகார் பாதி தீரும். மரத்தளமானால் பேஸ் தளத்தோடு சேர்ந்து அதிரும். பெட்டிக்குக் கீழே கருங்கல் பலகை வையுங்கள். ஸ்பீக்கர் ஒயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போதும்.

ஆகவே, கையில் 15,000 ரூபாய் என்றால் என் யோசனை இது: 4,000 வரை பெட்டிக்கு, அதாவது ஃபோம், கண்டென்சர், டெர்மினல் எல்லாம் சேர்த்து. 8,000க்குள் ஆம்ப். 1,000 ஒயருக்கும் பிளக்குக்கும். மீதி 2,000 மெக்கானிக்குக்கு. அதைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். பழைய பெட்டி உயிரோடு இருப்பது அவர்கள் கைத்திறனால்தான். அந்தத் தொழிலை விட்டுப் போகிறவர்கள் பெருகிவருகிறார்கள்.

ஆம்ப்பைச் சோதிக்க என்ன பாட்டு போடுவது என்று கேட்பீர்கள். உங்கள் ஊர்க் குகைக்குப் பெயர் கொடுத்த 'குணா' (1991) படத்திலிருந்து, 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தபின் திரும்பவும் எங்கும் ஒலிக்கும் அந்தப் பாட்டையே போடுங்கள். கமலின் பேச்சும் ஜானகியின் பாட்டும் மாறிமாறி வரும் இடங்களில் இரண்டு குரலும் பெட்டிகளுக்கு நடுவில், ஆள் நின்று பேசுவதுபோல நிற்க வேண்டும். குரல் ஒரு பக்கமாக ஒதுங்கினால் ஒரு சேனல் பலவீனம். பேஸ் மங்கி, குரல் இடம் தெரியாமல் பரவினால் ஒரு பெட்டியில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஆம்ப்பைக் கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் பேட்டரியைப் பெட்டியின் டெர்மினல்களில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ் கொடுத்தால் இரண்டு வூஃபரும் வெளிப்பக்கம் குதிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நீங்கள் ஒரே மலையில் இருப்பவர்கள், ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்கள். கடையில் கேட்டுப் பார்த்த ஆம்ப் உங்கள் வீட்டில் வேறு மாதிரிதான் பாடும். ஆகவே வாங்குவதற்கு முன் பூம்பாறைக்காரரின் செட்டைப் பெருமாள்மலைக்காரர் ஒரு வாரம் இரவல் வாங்கித் தன் பெட்டியில் ஓட்டிப் பார்க்கட்டும். பெருமாள்மலை செட் பதிலுக்குப் பூம்பாறை போகட்டும். ஓம் எவ்வளவு, ஃபோம் எப்போது மாற்றினீர்கள், எந்த ஆம்ப் ஒத்துவந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, பாலிதீன் உறையில் போட்டுப் பெட்டியின் உள்சுவரில் ஒட்டுங்கள். இரவல் கொடுக்க மனமிருந்தால் இந்த மலையில் யாரும் பொருந்தாத ஆம்ப்புக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அடிவாரத்திலிருந்து உங்கள் பெட்டிகளின் நலம் விரும்பும் ஒருவன்